கண்ணாடி நடுவுல கருப்பு

லிங்கத்துரைக்குக் கோவம் வந்தா முதல்ல காது செவக்கும். அடுத்தது மூக்கு. மூக்கும் செவந்துட்டா பக்கத்துல நிக்கவங்க தானா நகந்துக்கிடுவாங்க.

அன்னிக்கு லேபர் ஆபீஸ்ல அவருக்குக் காது, மூக்கு, கழுத்து எல்லாமே செவந்து கெடந்துச்சு.

மேஜைக்கு அங்கிட்டு இருந்த கிளார்க்கு ஒரு படத்தைத் திருப்பி அவர் பக்கமா நகட்டினாரு. மூணு சாண் நீளம், ஒரு சாண் ஒசரம். தொண்ணூறு பேரு மூணு வரிசையா நிக்க படம். போன ஆயுத பூசைக்கு உப்பளத்துல வச்சு எடுத்தது.

"இதுல உங்க அக்கா யாருங்க?"

"இந்தா, இந்தக் கடைசி. அழகுகனி."

"முகம் எங்க?"

லிங்கத்துரை குனிஞ்சு பாத்தாரு. சேலை இருந்துச்சு. கையில உப்பு வாருத பலகை இருந்துச்சு. கழுத்துக்கு மேல தார் பூசின மாதிரி ஒரே இருட்டு. அந்த இருட்டும் ஒரு பக்கமா இழுபட்டு, பிசைஞ்ச மாவை யாரோ கையால இழுத்துவிட்ட மாதிரி இருந்துச்சு.

கிளார்க்கு ஒண்ணும் கெட்ட மனுசன் இல்ல. மெதுவாத்தான் சொன்னாரு. "அண்ணாச்சி, அளத்து மேனேஜரு என்ன எழுதியிருக்காரு தெரியுமா? இப்படி ஒரு பொம்பள எங்ககிட்ட வேலையே பாக்கலைன்னு எழுதியிருக்காரு. நீங்க இருபத்தாறு வருசமாப் பாக்கான்னு சொல்லுதீங்க. அந்த மேனேஜரும் உங்க அக்காவும் முகம் தெரிய ஒரே படத்துல நிக்கட்டும், தொழிலாளி அட்டை போட்டுத் தாரேன். முகமே இல்லாத படத்தை வச்சு நான் என்ன செய்ய?"

அந்த அட்டை இருந்தாத்தான் அழகுகனிக்குக் கண் ஆபரேசன். இடது கண்ணு ஏற்கெனவே பால் ஊத்தின மாதிரி ஆயிருச்சு. வலது கண்ணு போயிக்கிட்டு இருக்கு. வெயிலு மேல இருந்து ஒரு தடவை அடிக்கும், உப்புல பட்டு கீழ இருந்து ஒரு தடவை அடிக்கும். இருபத்தாறு வருசம் அதைப் பாத்தா எந்தக் கண்ணு தாங்கும்?

ஒரு தடவை யாரோ புண்ணியவானுங்க வந்து அளத்துப் பொம்பளைங்க எல்லாருக்கும் கருப்புக் கண்ணாடி குடுத்துட்டுப் போனாங்க. அழகுகனியும் மறுநாளு அதை மாட்டிக்கிட்டு வேலைக்குப் போனா. வரப்புல நின்ன சூப்பர்வைசரு, "என்னட்டி, சூட்டிங்கா?"ன்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. அவ்வளவுதான், அதுக்கப்புறம் ஒருத்தியும் போடல. அழகுகனி வீட்டுல பேரப்பய அதை மாட்டிக்கிட்டுத் தெருவுல ஆட்டம் போடுதான். அது கெடக்கட்டும்.

இதுல பெரிய கொடுமை என்னன்னா, அந்தப் படத்தை எடுத்ததே லிங்கத்துரைதான்.

இருபத்தெட்டு வருசமாக் கல்யாண வீட்டுல படம் எடுக்க ஆளு. கை சுத்தம், கண்ணு சுத்தம், வாயும் கோவமும்தான் கொஞ்சம் முன்னால ஓடும். எட்டையபுரத்துப் பக்கம் ஒரு கல்யாணத்துல மாப்பிள்ளையோட தாய்மாமன் லென்சுக்கு முன்னால வந்து வந்து நின்னாரு. மூணு தடவை சொல்லிப் பாத்தாரு லிங்கத்துரை. நாலாவது தடவை ஸ்டாண்டை மடக்கினாரு, பஸ் ஏறிட்டாரு. தாலி கட்டுன படம் இல்லாமலே அந்தப் பொண்ணு ரெண்டு புள்ள பெத்துட்டா. இன்னிக்கும் சந்தையில இவரைக் கண்டா மூஞ்சியைத் திருப்பிக்கிடுவா. அவ மேல என்ன தப்பு, சொல்லுங்க. கோவப்பட்டது மாமன் மேல, படம் போனது அவளுக்கு.

எங்க விட்டேன்? ஆங், படம்.

அந்த நீளப் படத்தைக் கல்யாணக் கேமராவுல எடுக்க முடியாது. அதுக்குன்னு நீளக் கேமரா ஒண்ணு ரோஸ்லின்கிட்ட இருந்துச்சு. அதைத்தான் போன வருசம் லிங்கத்துரை வாடகைக்கு வாங்கிட்டுப் போனாரு.

ரோஸ்லினுக்கு முப்பத்தாறு வயசு. துறைமுகத்துல கப்பலைப் படம் எடுத்துக் குடுக்கது அவ வேலை. கப்பல் எங்க அடிபட்டிருக்கு, எங்க நெளிஞ்சிருக்குன்னு வெளிநாட்டுக்குக் காட்டணுமாம். கப்பலோ தெரு நீளத்துக்கு நிக்கும். முழுசாப் பிடிக்கணும்னா பின்னாலேயே போகணும். எங்கிட்டுப் போக, பின்னால கடலுல்லா கெடக்கு. அதனால கிட்டக்க நின்னே அகலமாப் பாக்க லென்சு, அது பாத்ததை எல்லாம் பிடிக்கதுக்கு நீளமா ஃபிலிம். ஒரு ரோலுக்கு நாலு படம்தான் விழும். செல்போன்லாம் வராத காலம். ஃபிலிமும் மெட்ராஸ்ல இருந்துதான் வரணும்.

படத்தைச் சுருட்டிக் கையில பிடிச்சுக்கிட்டு லிங்கத்துரை நேரா அவகிட்டப் போயி நின்னாரு.

"ஒன் லென்சு நொள்ள லென்சு. எங்க எக்கா மூஞ்சியைத் தின்னுருச்சு."

ரோஸ்லின் படத்தை விரிச்சுப் பாத்தா. "கண்ணாடி ஒண்ணு சேத்துக் குடுத்தேனே அண்ணாச்சி. லென்சுக்கு முன்னால மாட்டச் சொல்லி. மாட்டினீங்களா?"

"அது அழுக்குக் கண்ணாடி. நடுவுல கன்னங்கரேல்னு ஒரு திட்டு. அதைப் போயி மாட்டுவானா ஒருத்தன்?"

"தொடச்சுப் பாத்தீங்களோ?"

"தொடச்சேன். போகல. பல்பொடி போட்டுத் தேச்சேன். அப்பவும் போகல. பையில போட்டுட்டேன்."

ரோஸ்லின் சிரிக்கல. எந்திரிச்சுப் போயி சன்னலைச் சாத்தினா. கதவைச் சாத்தினா. அது துறைமுகத்துப் பழைய குடோன், நீளமான ரூமு. நடுவுல ஒரே ஒரு பல்பு. அதைப் போட்டுட்டு, அன்னிக்குப் பேப்பரை எடுத்து அவரு கையில குடுத்தா.

"அந்தக் கடைசி மூலையில போயி நின்னு வாசிங்க."

கோவத்தோட போனாரு. தலைப்பு தெரிஞ்சுச்சு. பொடி எழுத்து தெரியல.

"வாசிக்க முடியல."

"நடுவுல வாங்க."

பல்புக்குக் கீழ வந்தாரு. கடகடன்னு வாசிச்சாரு.

"பல்பு கெட்டுப்போச்சா அண்ணாச்சி?"

லிங்கத்துரை பல்பைப் பாத்தாரு, மூலையைப் பாத்தாரு.

"பெரிய பல்பாப் போடு."

"போட்டா நடுவுல நிக்கவன் கண்ணு கூசும். படத்துல அவன் மூஞ்சி வெளுத்துச் சுண்ணாம்பு ஆயிரும்." அவ ஒரு சல்லடையை எடுத்தா. மேல ஒரு பழைய துணியைப் போட்டு பல்புக்கு நேர் கீழ பிடிச்சா. இப்ப நடுவுலயும் மூலையிலயும் வெளிச்சம் ஒரே மாதிரி இருந்துச்சு. மொத்தத்துல கம்மிதான், ஆனா ஒரே மாதிரி.

"அந்தத் திட்டு அழுக்கு இல்ல அண்ணாச்சி. லென்சுக்கு அதுதான் இந்தச் சல்லடை."

லிங்கத்துரை நீளப் படத்தைச் சுருட்டினாரு. ஐம்பத்துநாலு வயசு ஆளு, கல்யாண வீட்டுக்காரங்களையே வெரட்டின ஆளு, தன்னைவிடப் பதினெட்டு வயசு சின்னவகிட்ட நின்னு கேட்டாரு. "எனக்கு இதைச் சொல்லித் தருவியா?"

"தாரேன். ஆனா நீ, வா, போ எல்லாம் இருந்தா வராது."

"சரி, டீச்சர்."

கேலியாத்தான் சொன்னாரு. அப்புறம் அதுவே நெலச்சுப்போச்சு.

எட்டு மாசம் அவ பின்னாலயே கப்பல் கப்பலா ஏறி எறங்கினாரு. மட்டம் பாக்கதுக்கு அவரு வீட்டுலயே சாப்பாட்டுத் தட்டுல தண்ணி ஊத்திப் பழகினாரு. கேமரா ஒரு நூலு சாஞ்சாலும் கடலு வில்லா வளைஞ்சு வரும், அதுக்குத்தான். பொண்டாட்டிக்காரி, "சோறு போடவா, இல்ல இதையே குடிக்கீங்களா?"ன்னு கேட்டா.

கேள்வி கேட்டுக்கிட்டே இருப்பாரு. ஓரத்துல ஆளு ஏன் டீச்சர் இழுபடுதான்? இந்தக் கண்ணாடி அதையும் சரி பண்ணுமா? அதுக்கு ரோஸ்லின், "அது பண்ணாது. வெளிச்சம்தான் அதோட வேலை. இழுபடுதவன் இழுபட்டுக்கிட்டுதான் இருப்பான், ஆனா முகம் தெரியும்"னா.

ஆயுத பூசை நெருங்குச்சு. அழகுகனியும் மேனேஜரும் ஒரே படத்துல நிக்கது வருசத்துக்கு அந்த ஒரு நாளுதான். மத்த நாளு அவரு வரப்புல எறங்க மாட்டாரு. சந்தனராஜ்னு பேரு. அளத்துப் பொம்பளைங்க ஒருத்தி பேரும் அவருக்குத் தெரியாது. "ஏ பொம்பள"ன்னுதான் எல்லாரையும் கூப்பிடுவாரு. லிங்கத்துரை யாரோட தம்பின்னும் தெரியாது. மொதலாளிக்கு அனுப்பணும், கூட்டம் நெறையத் தெரியணும், அதுக்காகத்தான் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்துவாரு.

முந்தின நாளு லிங்கத்துரை கேட்டாரு. "டீச்சர், கோவத்தோட படம் எடுக்கலாமா?"

"யார் மேல கோவம்?"

"அந்தச் சந்தனராஜு மேல. நாளைக்கு அவனை ஓரத்துல நிறுத்தப் போறேன். கண்ணாடி மாட்ட மாட்டேன். எங்க எக்காவை நடுவுல நிறுத்தப் போறேன். அவன் மூஞ்சி கருகி, பலாப்பழமா இழுபட்டு, அந்தப் படம் அவன் ஆபீஸ்லயே தொங்கணும்."

"அப்ப ஆபீஸ்ல அவர் முகத்தைக் கேட்டா?"

"அவன் தொப்பையை வச்சே கண்டுபிடிச்சுருவாங்க."

ரோஸ்லின் ஒரு ரோலு ஃபிலிமை எடுத்து மேஜையில வச்சா. கண்ணாடியை அதுக்குப் பக்கத்துல வச்சா.

"ரெண்டையும் எடுத்துக்கோங்க. நான் கேமராவுக்குக் குடை பிடிக்க வாரேன்."

"எடுக்கலாமான்னு கேட்டேனே டீச்சர்."

"எடுத்துட்டுச் சொல்லுங்க."

மறுநாளு காலையில மேகம் போட்டுக் கெடந்துச்சு. அளத்துல பலகைக்கெல்லாம் சந்தனம் வச்சு, பொட்டு வச்சு, வரிசையாச் சாத்தியிருந்தாங்க. பொரி கடலை குடுத்தாங்க. பொம்பளைங்க கறுத்துப்போன காலைக் கழுவிட்டு நல்ல சேலை கட்டியிருந்தாங்க. அழகுகனி மஞ்சக் கலருல கட்டியிருந்தா. தம்பியைக் கண்டும் காணாத மாதிரி நின்னா. அப்படித்தான் பேசி வச்சிருந்தாங்க.

லிங்கத்துரை வரப்பு மேல ஸ்டாண்டை நட்டாரு. பின்னால பாத்தி, முழங்கால் தண்ணி. ஒரு எட்டு பின்னால போக முடியாது. மட்டம் பாத்தாரு. கண்ணாடி சட்டைப் பையில இருந்துச்சு.

மேனேஜரு கறுப்புக் காருல வந்து எறங்கினாரு. "யோவ் போட்டோ, எங்க நிக்கணும்?"

"நடுவுல வேண்டாம் சார். அந்தா வலது ஓரத்துல கம்பெனி போர்டு இருக்கு பாருங்க. அது பக்கத்துல நின்னா பேரும் நீங்களும் சேந்து வரும். இப்ப அதுதான் பேசன்."

சந்தனராஜுக்கு அது பிடிச்சுப்போச்சு. போர்டுல கைய ஊனிக்கிட்டு நின்னாரு. லிங்கத்துரை கேமராவுல கண்ணை வச்சு வலது ஓரத்தையே பாத்தாரு. பாக்கப் பாக்க மனசு குளுந்துச்சு. அந்தத் தொப்பை, அந்தக் கைக்கடியாரம், எங்கிட்ட வேலையே பாக்கலைன்னு கையெழுத்துப் போட்ட அந்தக் கை. இருடா ஒனக்கு, இருட்டு எப்படி இருக்கும்னு பாரு.

அமுக்கிட்டாரு.

"அண்ணாச்சி," குடைக்குள்ள இருந்து ரோஸ்லின் கேட்டா, "இடது ஓரத்துல யாரு?"

லிங்கத்துரை நிமிந்தாரு.

மேனேஜரு எங்க நின்னாரோ அங்கேயே கணக்கப்பிள்ளை போயி ஒட்டியிருந்தாரு. அடுத்தால சூப்பர்வைசரு. அடுத்தால லாரிக்காரங்க, மூட்டை தூக்குதவங்க. நடுவுல எல்லாம் ஆம்பளைங்க. பொம்பளைங்க எல்லாரும் அவருக்கு எவ்வளவு தூரமா நிக்க முடியுமோ அவ்வளவு தூரம் ஒதுங்கி, அந்தக் கடைசிக்குப் போயிருந்தாங்க. அதுலயும் கடைசியா, முன் வரிசையில, மஞ்சச் சேலை.

லிங்கத்துரை வரப்புல ஓடினாரு. "எக்கா, நடுவுல வாங்க. எல்லாரும் நடுவுல வாங்க."

"அங்க எப்பிடி வர?" அழகுகனி குரலைத் தாழ்த்திச் சொன்னா. "அவிய நிக்காவ."

"நிக்கட்டும். தள்ளி நிக்கச் சொல்லுதேன்."

"சும்மா இரு. நாங்க எப்பவும் நிக்க எடத்துலதான் நிக்கோம். இன்னிக்கு மட்டும் என்ன?"

"நீங்க எப்பவும் இந்தப் பக்கம் நிக்கலைக்கா, அவன்தான் இந்தத் தடவை மாறி நிக்கான். நீங்க போன வருசம் வலது பக்கம்லா நின்னீங்க."

"அப்பிடியா?" அவ யோசிச்சா. "எந்தப் பக்கமா இருந்தா என்ன. கடைசிதானே."

ரெண்டு பேரு மட்டும் தைரியமா ரெண்டு எட்டு வச்சாங்க. சூப்பர்வைசரு ஒரு பார்வை பாத்தான். திரும்பிப் போயிட்டாங்க.

லிங்கத்துரைக்குக் காது செவந்துச்சு. கேமராகிட்ட வந்தாரு. அதே கோவத்தோட ரெண்டாவது படத்தை அமுக்கினாரு. ஸ்டாண்டு ஆடினது அவருக்கே தெரிஞ்சுச்சு.

ரெண்டு போச்சு.

"டீச்சர், எங்க எக்காவை மட்டும் வெளிச்சமாக் காட்ட வழி இருக்கா?"

"இருக்கு. கேமராவை இடது பக்கம் திருப்புங்க."

திருப்பினாரு. ஆகா, மஞ்சச் சேலை நடுவுல வந்துருச்சு. பொம்பளைங்க எல்லாரும் பளிச்சுன்னு நடுவுல. வலது பக்கம் மேனேஜரும் இல்ல, போர்டும் இல்ல, கணக்கப்பிள்ளையும் இல்ல. அறுத்து எறிஞ்ச மாதிரி இருந்துச்சு. லிங்கத்துரைக்கு எட்டு மாசத்துல முதல் தடவையா நெஞ்சு லேசாச்சு. மூணாவது படத்தை ஆட்டமில்லாம, அழகா அமுக்கினாரு.

"முடிஞ்சுது டீச்சர்."

ரோஸ்லின் பொரியைக் கொறிச்சுக்கிட்டு இருந்தா. "இதைக் கொண்டுபோயி ஆபீஸ்ல காட்டினா என்ன கேப்பாங்க?"

"என்ன கேப்பாங்க? முகம்தான் தெளிவா..."

எந்த அளம்னு கேப்பாங்க. மேனேஜரு எங்கன்னு கேப்பாங்க. உப்புல நாலு பொம்பள நிக்காங்க, யாரு வேணும்னாலும் எங்க வேணும்னாலும் நிக்கலாம்னு சொல்லுவாங்க.

ஒரு படம்தான் பாக்கி.

அதுக்குள்ள சந்தனராஜு கைக்கடியாரத்தைப் பாத்துட்டுக் காரைப் பாத்து நடந்துக்கிட்டு இருந்தாரு. அவரு நகரவும் வரிசை கலைய ஆரம்பிச்சுச்சு.

லிங்கத்துரை ஓடினாரு. அவரு வாழ்க்கையில யாரு பின்னாலயும் ஓடினது கெடையாது.

"சார், சார். ஒரு நிமிசம். இன்னும் ஒரே ஒரு படம்."

"மூணு எடுத்தியே, பிறகு என்ன?"

"அதெல்லாம் சரியா வரல சார்."

"சரியா எடுக்கத் தெரியாதவன் எதுக்குய்யா வந்த? எங்க பிடிச்சாங்க ஒன்ன?"

நாலு பேரு சிரிச்சாங்க. எட்டையபுரத்து லிங்கத்துரையா இருந்தா அந்நேரம் ஸ்டாண்டு மடங்கியிருக்கும், பஸ் கெளம்பியிருக்கும். மூக்கு செவந்து, கழுத்து செவந்து, கண்ணுல தண்ணியே கட்டிக்கிச்சு. அங்கிட்டு மஞ்சச் சேலை கையைக் கண்ணுக்கு மேல வச்சு, சத்தம் வந்த பக்கம் பாத்துக்கிட்டு நின்னுச்சு. பாத்துச்சா, பாக்க முயற்சி பண்ணுச்சா.

"தப்புதான் சார். தயவுசெஞ்சு வந்து நில்லுங்க. உங்க முகம் நல்லா விழணும்."

"அது என்னமோ வாஸ்தவம்." சந்தனராஜு திரும்பி வந்து போர்டுல கைய ஊனினாரு.

லிங்கத்துரை கேமராவை நேராத் திருப்பினாரு. மட்டம் பாத்தாரு. பையில இருந்து கண்ணாடியை எடுத்தாரு. கை ஆடின ஆட்டத்துல திருகுப் புரி லென்சுல சேரவே மாட்டேங்குது.

"கை நடுங்குதே அண்ணாச்சி."

"கோவம் டீச்சர்."

"கையில வச்சிருக்காதீங்க. படம் ஆடிரும். மேகம் வேற, கண்ணாடி வேற. அரை நொடி தொறக்கணும்."

"வேற எங்க வைக்கச் சொல்லுதீங்க?"

ரோஸ்லின் குடையை அவருகிட்டக் குடுத்துட்டு, கண்ணாடியை வாங்கி லென்சு முன்னால வச்சு, நிதானமாத் திருகி இறுக்கினா. நடுவுல அந்தக் கருப்புத் திட்டு அவரைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு.

"யாரும் அசையாதீங்க," லிங்கத்துரை கத்தினாரு. அந்தச் சத்தத்துல அளத்துல கொக்கு கூட அசையல. அரை நொடி. அவ்வளவுதான்.

படம் கழுவி வந்த அன்னிக்கு ரெண்டு பேரும் அதை மேஜையில விரிச்சு வச்சுப் பாத்தாங்க. இந்த ஓரத்துல அழகுகனி. கன்னம் கொஞ்சம் அகலமாத்தான் இருந்துச்சு. அவளே பின்னால அதைக் கண்ணுகிட்டக் கொண்டுபோயிப் பாத்துட்டு, "என்னலே, பூரி மாதிரி உப்பியிருக்கேன்"னா. ஆனா பால் விழுந்த கண்ணுகூடத் தெரிஞ்சுச்சு. நெத்திப் பொட்டு தெரிஞ்சுச்சு. அந்த ஓரத்துல போர்டு, போர்டுல எழுத்து, எழுத்துக்குப் பக்கத்துல சந்தனராஜு. தாடையில இருந்த மச்சம் வரைக்கும் தெளிவு. கல்யாண மாப்பிள்ளை கூட அவ்வளவு லட்சணமா விழுந்தது கெடையாது.

லேபர் ஆபீஸ் கிளார்க்கு பூதக்கண்ணாடி வச்சு இந்த ஓரத்தைப் பாத்தாரு. அப்படியே நகத்திக்கிட்டே போயி அந்த ஓரத்தையும் பாத்தாரு. மேனேஜருக்குச் சீட்டு எழுதிக் கூப்பிட்டு அனுப்பினாரு. "இது நீங்கதானே?"ன்னு கேட்டாரு. மச்சத்தோட நிக்க மனுசன் எப்படி இல்லைன்னு சொல்லுவாரு. "அப்ப இந்தம்மா?"ன்னு கேட்டாரு. சந்தனராஜு பூதக்கண்ணாடியை வாங்கி ரெண்டு தடவை பாத்துட்டு, எங்க அளத்து ஆளுதான்னு ஒத்துக்கிட்டாராம்.

அட்டை வந்துருச்சு. ஆபரேசனுக்கு நாளும் குறிச்சாச்சு.

அன்னிக்குச் சாயங்காலமே லிங்கத்துரை குடோனுக்கு வந்தாரு. சந்தோசமா வருவாருன்னு பாத்தா, காது செவந்து வந்தாரு. ரோஸ்லின் கேமராவைத் துடைச்சுக்கிட்டு இருந்தா. எதிர்ல ஸ்டூலைப் போட்டு உக்காந்தாரு.

"எக்காவுக்கு அட்டை கெடைச்சிருச்சு டீச்சர்."

"கேள்விப்பட்டேன் அண்ணாச்சி."

"அந்தப் படத்தை அவன் பெரிசாப் போட்டு ஆபீஸ்ல மாட்டியிருக்கான். வாரவன் போறவன்லாம் மேனேஜரு நல்லா விழுந்திருக்காருங்கானாம்."

"நல்லாத்தானே விழுந்திருக்காரு."

"நான் போட்ட வெளிச்சம் அது." மூக்கும் செவந்துச்சு. "இருபத்தாறு வருசம் ஒருத்தி கண்ணைத் தின்னுட்டு, ஆளே இல்லைன்னு எழுதினவன். அவன் மூஞ்சிக்கு நான் நின்னு வெளிச்சம் போட்டிருக்கேன். அவன்கிட்ட தயவுசெஞ்சுன்னு கெஞ்சியிருக்கேன். எல்லாம் நல்லபடியா முடிஞ்சும் எனக்கு இன்னும் கோவம் போகல டீச்சர். ராத்திரி சோறு எறங்க மாட்டேங்குது. கோவத்தோட எடுக்கலாமான்னு அன்னிக்குக் கேட்டேன், எடுத்துட்டுச் சொல்லுங்கன்னீங்க. எடுத்துட்டேன். இப்பச் சொல்லுங்க, இதை எப்படிப் போக்க?"

ரோஸ்லின் கண்ணாடியை லென்சுல இருந்து கழத்தினா. உப்புக் காத்துல அது மேல வெள்ளையாப் படிஞ்சிருந்துச்சு. ஒரு மெல்லிசுத் துணியோட அதை அவரு கையில குடுத்தா.

லிங்கத்துரை வாங்கி, வாயால ஊதி, ஓரத்துல இருந்து தொடைக்க ஆரம்பிச்சாரு. வெள்ளை எல்லாம் போச்சு. பேசிக்கிட்டிருந்த வேகத்துல துணி நடுவுக்கு வந்துருச்சு. அதே வேகத்துல அழுத்தித் தேச்சாரு.

அவ எட்டி அவரு கையைப் பிடிச்சா.

"உப்பை மட்டும் எடுங்க அண்ணாச்சி. கருப்பு அங்கனயே இருக்கட்டும்."